டொமினிக்காவில் ஏழைகளுக்கு அரசு எப்படிக் கைகொடுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொமினிக்காவா, டொமினிக்கன் குடியரசா?

இரண்டும் வேறு வேறு நாடுகள். டொமினிக்கன் குடியரசு ஸ்பானிஷ் பேசும் பெரிய நாடு. இங்கே பேசப்போவது கிழக்குக் கரீபியனில் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் இருக்கும் டொமினிக்கா. பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை ஏறக்குறைய 70,000. 1978 நவம்பர் 3 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகரம் ரோசோ. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஊரை அடையாளம் காட்டுவது சுலபம்: 2023 ஜூலையில் அஷ்வின் ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தாரே, அந்த வின்ட்சர் பார்க் மைதானம் இருக்கும் ஊர்தான்.

உலக வங்கிக் கணக்கில் இது உயர் நடுத்தர வருமான நாடு. அங்கே வறுமை எங்கிருந்து வந்தது?

தனிநபர் வருமானச் சராசரியை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். 70,000 பேர் உள்ள நாட்டில் சராசரி பெரிதாக எதையும் சொல்லாது. ஒரு பெரிய ஓட்டல் திறந்தாலும் மூடினாலும் எண் மாறிவிடும்.

உண்மையான கதை வாழைப்பழத்தில் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்தத் தீவின் கிராமங்கள் வாழையால்தான் பிழைத்தன. மலைச்சரிவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த விவசாயியின் தாரும் கப்பல் ஏறி இங்கிலாந்து போய்ச் சேரும். முன்னாள் காலனிகளின் பழத்துக்குச் சந்தையில் தனி இடம் ஒதுக்கியிருந்ததால்தான் இது நடந்தது. 1993இல் ஐரோப்பா ஒரே சந்தையாக ஆனது. அந்தச் சலுகை நியாயமில்லை என்று அமெரிக்காவும், பெரிய தோட்டங்கள் உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1997இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. சமவெளித் தோட்டத்தில் விளையும் பழத்தோடு மலைச்சரிவில் முதுகில் சுமந்து இறக்கும் பழம் விலையில் போட்டிபோட முடியுமா? கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டங்கள் புதர் மண்டின. வாழை போன இடத்தில் மாதாமாதம் காசு கொண்டுவரும் இன்னொன்று முழுதாக வரவில்லை.

எத்தனை பேர் ஏழைகள்?

2002இல் எடுத்த கணக்கில் 39 சதவீதம். 2008-09 கணக்கெடுப்பில் 28.8 சதவீதம். சாப்பாட்டுக்கே வழியில்லாத கடும் வறுமை அப்போது 3.1 சதவீதம்.

28.8, 3.1 என்ற இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கவனியுங்கள். பட்டினி கிடப்பவர்கள் குறைவு. கொல்லையில் சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, பச்சை வாழைக்காய் ஏதாவது கிடைக்கும். ஆனால் மின்கட்டணம், பிள்ளையின் பள்ளிச் சீருடை, தகரக் கூரைக்கு ஆணி என்று காசு கேட்கும் எதற்கும் கையில் காசில்லாதவர்கள் நாலில் ஒருவருக்கு மேல். இப்படிப்பட்ட குடும்பம் ஒரு புயல் வரும் வரை எப்படியோ ஓட்டிவிடும்.

சமூகப் பாதுகாப்பு என்று அங்கே என்னென்ன இருக்கின்றன?

மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, சந்தா கட்டிப் பெறுவது. 1970களிலிருந்து இயங்கும் சமூகக் காப்பீட்டு அமைப்பு இது. சம்பளத்தில் ஒரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டுகிறார்கள். முதுமை, நோய், பேறுகாலம், வேலையில் காயம் என்று வந்தால் பணம் கிடைக்கும். அரசு ஊழியருக்கும் வங்கி ஊழியருக்கும் நல்ல ஏற்பாடு. மீனவர், சிறு விவசாயி, சாலையோரம் சமைத்து விற்கும் பெண்மணி ஆகியோரும் சேரலாம் என்று விதி இருக்கிறது, சேர்பவர்கள் குறைவு.

இரண்டாவது, சந்தா இல்லாமல் அரசே தரும் பொது உதவித் திட்டம். ஆதரவற்ற முதியோர், மாற்றுத்திறனாளிகள், நீண்ட நாள் நோயாளிகள், பெற்றோர் இல்லாத பிள்ளைகள் ஆகியோருக்கு மாதாந்திர உதவித்தொகை. தொகை சின்னது. 2017இல் மரியா புயல் வந்த காலத்தில் அது பெரும்பாலும் ரொக்கமாக, கிராம மன்றங்கள் வழியாகக் கையில் கொடுக்கப்பட்டது. கணினிப் பதிவேடு என்று சொல்லிக்கொள்ள அப்போது ஒன்றும் இருக்கவில்லை. பார்த்தால் பழைய பாணி விதவை, முதியோர் உதவித்தொகைதான். ஆனால் இந்தப் பக்கத்தின் மிச்சக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

மூன்றாவது, சேவைகள். ஏழு சுகாதார மாவட்டங்களாகப் பிரித்து ஊருக்கு ஊர் வைத்திருக்கும் சுகாதார நிலையங்கள், 'யெஸ் வீ கேர்' என்ற முதியோர் வீட்டுப் பராமரிப்புத் திட்டம் போன்றவை. பிந்தையதில் பணியாளர் வீட்டுக்கே வந்து தனியாக இருக்கும் பெரியவருக்குச் சமைத்து, குளிப்பாட்டி, வீடு பெருக்கிவிட்டுப் போவார். பிள்ளைகள் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் தீவில், பணம் கொடுப்பதைவிட ஆள் அனுப்புவது பல வீடுகளுக்கு உபயோகம்.

மரியா புயலைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்களே, அப்படி என்ன நடந்தது?

2017 செப்டம்பர் 18 இரவு. ஐந்தாம் வகைப் புயல், அதாவது அளவுகோலில் அதற்கு மேல் வகையே இல்லை. பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் வீட்டுக் கூரையும் பறந்தது, அதை அவரே அன்றிரவு ஃபேஸ்புக்கில் எழுதினார். நாட்டின் கூரைகளில் பத்தில் ஒன்பது சேதமாயின. 65 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பச்சைக் காடாக இருந்த மலைகள் மறுநாள் இலையில்லாத பழுப்பு நிறக் குச்சிகளாக நின்றன.

மொத்தச் சேதமும் இழப்பும் சுமார் 130 கோடி அமெரிக்க டாலர். நாட்டின் ஓர் ஆண்டு மொத்த உற்பத்தியில் 226 சதவீதம். இரண்டு வருடத்துக்கு மேல் நாடே சேர்ந்து உழைத்துச் சம்பாதிப்பது ஓர் இரவில் போனது. அதற்கு இரண்டே ஆண்டுக்கு முன்தான், 2015 ஆகஸ்டில், எரிக்கா புயல் மழை ஓராண்டு உற்பத்தியில் 90 சதவீத அளவுக்குச் சேதம் செய்திருந்தது. மரியாவுக்குப் பிறகு எடுத்த மதிப்பீடு, வறுமை 28.8இலிருந்து 43 சதவீதத்தை ஒட்டி உயரக்கூடும் என்றது.

அப்போது பொது உதவித் திட்டம் என்ன செய்தது?

தன் அளவுக்கு மிஞ்சிய வேலையைச் செய்தது.

முதல் வாரங்களில் உணவுப் பொருட்கள்தான் கொடுத்தார்கள். கடைகள் மெல்லத் திறக்க ஆரம்பித்ததும், 2017 டிசம்பரிலிருந்து, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் அரசோடு சேர்ந்து அவசரகாலப் பண உதவி தொடங்கின. இதற்கென்று தனி அலுவலகம், தனி ஊழியர், தனி வரிசை என்று புதிதாக ஒரு அமைப்பை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த அந்தப் பழைய உதவித்தொகைத் திட்டத்தின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். பட்டியலில் இருந்தவர்களுக்குக் கூடுதல் பணம். பட்டியலில் இல்லாத, புயலில் அடிபட்ட குடும்பங்கள் கணக்கெடுத்துச் சேர்க்கப்பட்டன.

தொகை இப்படி: குடும்பத்துக்கு மாதம் 90 அமெரிக்க டாலர், பிள்ளைக்கு 50 டாலர் வீதம் மூன்று பிள்ளைகள் வரை. மூன்று மாதத்துக்கு. மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பாட்டிக்கு என்று கணக்குப் போட்டால் மாதம் 240 அமெரிக்க டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர் என்பது 1976இலிருந்து மாறாத விகிதம். ஆகவே பாட்டியின் கைக்கு வருவது உள்ளூர்ப் பணத்தில் 648 டாலர். கூரைத் தகரம், அரிசி, பால்பவுடர், பள்ளிக்கூடச் செருப்பு எதற்கு முதலில் என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

சுமார் 8,000 குடும்பங்கள், 25,000 பேர் இதில் பலன் பெற்றார்கள். நாட்டில் மூன்றில் ஒருவர். வழக்கமாக ஏழைகளிலும் ஏழைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னத் திட்டம் இவ்வளவு பேரைத் தாங்கியது என்பது சாதாரண விஷயமில்லை.

பொருளாகக் கொடுத்திருக்கலாமே, எதற்குப் பணம்?

முதலில் பொருள்தான் கொடுத்தார்கள், அது சரியும்கூட. கடையே இல்லாத இடத்தில் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் கடை திறந்த பிறகும் இலவச மூட்டைகளை இறக்கிக்கொண்டே இருந்தால், புயலில் கூரை இழந்து எப்படியோ மறுபடி கதவைத் திறந்த அந்த ஊர்க் கடைக்காரர் யாருக்கு விற்பார்? பணம் அவர் கல்லாவுக்கும் போகிறது. ஆட்களுக்குத் தேவையென்று நினைத்து அனுப்பும் பெட்டியில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாததாக இருக்கும் என்பதும் பேரிடர் பார்த்த எல்லா ஊருக்கும் தெரியும்.

குறைகளே இல்லையா?

நிறைய. புயல் அடித்தது செப்டம்பரில், பணம் தொடங்கியது டிசம்பரில். கணினிப் பதிவேடு இல்லாததால் புதியவர்களைச் சேர்ப்பது இழுத்தது. மூன்று மாதம் முடிந்ததும் நின்றுவிட்டது, வீடு அதற்குள் எழும்பியிருக்காது.

இதைவிடப் பெரிய குறை, 'புதிய ஏழைகள்' எந்தப் பழைய பட்டியலிலும் இல்லை என்பது. இதற்குப் போர்ட்ஸ்மத் ஊரைப் பார்த்தால் போதும். அங்கே நீண்ட காலமாக ராஸ் மருத்துவப் பல்கலைக்கழகம் இருந்தது. வட அமெரிக்க மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டவர்கள், சாப்பாடு விற்றவர்கள், துணி வெளுத்தவர்கள், டாக்சி ஓட்டியவர்கள் என்று ஒரு ஊரே அதை நம்பியிருந்தது. மரியாவுக்குப் பிறகு கல்லூரி திரும்பி வரவில்லை, 2018இல் பார்படோஸுக்குக் குடிபெயர்வதாக அறிவித்துவிட்டது. மாடி வீடு கட்ட வங்கிக் கடன் வாங்கிய வீட்டுக்காரம்மா எந்தக் கணக்கெடுப்பிலும் ஏழை இல்லை. ஆனால் வாடகை நின்றாலும் வங்கித் தவணை நிற்காது. வேலையோ தொழிலோ போனால் கொஞ்ச காலம் தாங்கும் காப்பீடு டொமினிக்காவில் அப்போது கிடையாது. பார்படோஸில் 1980களின் தொடக்கத்திலிருந்தே அது இருக்கிறது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?

கொஞ்சம் சங்கடமான பதில்: கணிசமான பங்கு பாஸ்போர்ட் விற்பதிலிருந்து.

1993இலிருந்து டொமினிக்கா முதலீட்டுக்குக் குடியுரிமை தருகிறது. குறைந்தபட்ச நன்கொடை நீண்ட காலம் ஒரு லட்சம் அமெரிக்க டாலராக இருந்தது, 2024இல் அக்கம்பக்கத்துத் தீவுகளோடு பேசி இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. மரியாவுக்குப் பின் எழுந்த ஆயிரக்கணக்கான புதிய வீடுகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் இந்தப் பணம் போயிருக்கிறது. விமர்சகர்கள் எத்தனை சொன்னாலும், அந்த வீடுகள் கண்ணெதிரே நிற்கின்றன.

ஆனால் இது மாதாந்திர உதவித்தொகைக்கு ஏற்ற வருமானமில்லை என்பதே என் எண்ணம். கட்டடம் ஒருமுறைச் செலவு, உதவித்தொகை ஒவ்வொரு மாதமும் வரவேண்டியது. 2023 ஜூலையில், இந்தக் குடியுரிமை முறை தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி டொமினிக்கா நாட்டவர்கள் விசா இல்லாமல் வருவதை பிரிட்டன் நிறுத்தியது. இன்னும் இரண்டு நாடுகள் இப்படிச் செய்தால் விற்கும் சரக்கின் மதிப்பே போய்விடும். ஒரு பாட்டியின் மாதப் பணம், யாரோ ஒரு கோடீஸ்வரர் எந்த பாஸ்போர்ட்டை வாங்குவார் என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது.

புயலுக்குக் காப்பீடு கிடையாதா?

உண்டு. 2004இல் ஐவன் புயல் கிரெனடாவை நொறுக்கியபின் கரீபிய நாடுகள் சேர்ந்து 2007இல் ஒரு பொதுக் காப்பீட்டு நிதியம் அமைத்தன. பல நாடுகள் கூட்டாக இப்படி அமைத்தது உலகிலேயே அதுதான் முதல். சேதத்தை வந்து பார்த்து மதிப்பிட்டு இழுத்தடிப்பதில்லை. காற்றின் வேகமோ மழையின் அளவோ ஒப்பந்தத்தில் குறித்த எல்லையைத் தாண்டினால் பணம். மரியாவுக்குப் பிறகு டொமினிக்காவுக்கு 1.93 கோடி அமெரிக்க டாலர் 14 நாளுக்குள் வந்தது.

130 கோடிச் சேதத்துக்கு 1.93 கோடி என்பது ஒன்றரை சதவீதம்தான். அதன் பெருமை அளவில் இல்லை, வேகத்தில். சிக்கல் வேறு இடத்தில்: அந்தப் பணம் கருவூலத்துக்கு வந்துவிடுகிறது, கிராமத்தில் கூரையில்லாமல் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எப்படிப் போகும்? அதற்குத்தான் பட்டியல் வேண்டும். 2021இல் உலக உணவுத் திட்டம் டொமினிக்காவின் பிரீமியத்துக்குக் கூடுதலாகப் பணம் போட்டது. காப்பீட்டுத் தொகை வந்தால் அதில் ஒரு பகுதி நேராக சமூகப் பாதுகாப்பு வழியாக மக்களுக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. நான் பார்த்தவரை மரியாவுக்குப் பிறகு நடந்த உருப்படியான காரியங்களில் இது முக்கியமானது. கட்டடம் போலக் கண்ணுக்குத் தெரியாததால் இதற்கு ரிப்பன் வெட்டுவார் யாருமில்லை.

நல்ல வீடு கட்டிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பெட்டிட் சவான் கிராமத்தாரைக் கேட்டால் பதில் கிடைக்கும். தீவின் தென்கிழக்கில் செங்குத்தான சரிவில் இருந்த ஊர். பே மரத்தின் இலையை வெட்டி, கொதிகலத்தில் போட்டு விறகடுப்பில் எரித்து, ஆவியிலிருந்து எண்ணெய் பிரிப்பார்கள். நறுமணப் பொருட்களுக்குப் போகும் சரக்கு அது. 2015இல் எரிக்கா மழையில் மலை சரிந்து ஊரே காலி செய்யப்பட்டது. பிறகு அரசு தலைநகருக்குத் தெற்கே பெல்வியூ ஷொப்பானில் உறுதியான கான்கிரீட் அடுக்குமாடிகள் கட்டிக் கொடுத்தது. பாஸ்போர்ட் பணத்தில்தான்.

வீடு நல்ல வீடு, புயல் அசைக்காது. ஆனால் மரம் அங்கே, அடுப்பு அங்கே, ஆள் இங்கே. பிழைப்பை மூட்டை கட்டி எடுத்துவர முடியவில்லை. சிலர் இலை வெட்டப் பழைய இடத்துக்கே போய்வந்தார்கள். வீடு கொடுக்கும்போதே அதில் குடியேறுபவர் எதை வைத்துச் சாப்பிடுவார் என்பதையும் சேர்த்து யோசிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கலினாகோ மக்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா?

கலினாகோக்கள் தீவின் பூர்வகுடிகள். 1903இல் கிழக்குக் கரையில் 3,700 ஏக்கர் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2008-09 கணக்கில் அங்கே ஏறத்தாழ பாதிப்பேர் ஏழைகள், நாட்டிலேயே மிக மோசம். நிலம் பொதுச் சொத்து என்பதால் யாரும் பிடுங்க முடியாது, அது பலம். அதே காரணத்தால் அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்கவும் முடியாது. புயலில் வீடு போனால் மீண்டும் கட்ட அரசு உதவியையே பார்க்க வேண்டியிருக்கிறது. 2023இல் கலினாகோ சமூகத்தைச் சேர்ந்த சில்வானி பர்ட்டன் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவரே. கௌரவம்தான், ஆனால் அங்கே குடியரசுத் தலைவருக்கு நிதி ஒதுக்கும் அதிகாரமில்லை.

சும்மா பணம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிட மாட்டார்களா?

யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று மேலே மறுபடி பாருங்கள். 75 வயது முதியவர், நடக்க முடியாதவர், பெற்றோரில்லாத பிள்ளை. இதில் யாரை வேலைக்கு அனுப்புவதாக உத்தேசம்? புயலுக்குப் பிறகு கொடுத்ததோ மூன்றே மாதம்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் பணம் போதாதா?

பெரிய ஆதரவுதான். பணம் மட்டுமில்லை, பெரிய பீப்பாய்களில் அரிசியும் துணியும் சோப்பும் அடைத்துக் கப்பலில் அனுப்புவது கரீபியன் முழுக்க வழக்கம். உள்ளூரிலும் 'சூசூ' நடக்கிறது. நம் ஊர்ச் சீட்டு மாதிரியேதான், வாராவாரம் போட்டு முறை வைத்து எடுப்பது. 1950களிலிருந்து வளர்ந்த கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இந்த நாட்டில் வங்கிகளுக்குச் சமமாக நிற்கின்றன. 'கூட்மென்' என்று ஊரே சேர்ந்து ஒருவர் வீட்டைக் கட்டித் தரும் பழக்கமும் உண்டு.

ஆனால் இதெல்லாம் ஒரு வீட்டில் சாவு, ஒருவருக்கு நோய் என்றால் தாங்கும். சீட்டில் இருக்கும் அத்தனை பேரின் கூரையும் ஒரே இரவில் பறந்தால் யார் பணத்தை யார் எடுப்பது? வெளிநாட்டில் யாருமில்லாத வீட்டுக்குப் பீப்பாயும் வராது.

அடுத்த புயல் வந்தால் 2017ஐவிட நன்றாகச் சமாளிப்பார்களா?

சில விஷயங்களில் ஆமாம். 2020இல் கோவிட் வந்தபோது உலக உணவுத் திட்டத்தின் துணையோடு மறுபடி பண உதவி கொடுத்துப் பழகிவிட்டார்கள், யாரிடம் என்ன படிவம் என்பது இப்போது அலுவலர்களுக்குத் தெரியும். காப்பீட்டுப் பணம் மக்களுக்குப் போகும் வழியும் தாளில் இருக்கிறது. 2024 ஜூலையில் பெரில் புயல் கிரெனடாவைத் தாக்கியபோது அதே பொது நிதியம் 4.4 கோடி டாலர் கொடுத்தது, ஆக அந்தப் பக்கம் வேலை செய்கிறது.

நான் கவனிப்பது பட்டியலை. மீனவர், வாடகைக்கு விடுபவர், சாலையோரச் சமையல்காரம்மா ஆகியோரின் பெயரும், எந்தக் கணக்கில் பணம் போடவேண்டும் என்பதும் புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1க்கு முன்னால் அதில் ஏறியிருக்கிறதா? ஊர் மாறிப்போனவர்களின் பழைய விலாசம் திருத்தப்பட்டதா? இதற்கு வேண்டியது பெரிய தொகை இல்லை. கிராம மன்ற எழுத்தர்களுக்கு வருடா வருடம் வீடு வீடாகப் போய்வரச் சம்பளமும் நேரமும் ஒதுக்கினால் போதும்.